உயிர் காலேஜ் வண்டலூருக்குப் போன பிறகு: வடசென்னையும் தமிழகத்தின் காட்டுயிர்ப் பாதுகாப்பும்

எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே இருந்த விலங்குக் காட்சிச்சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சொல்லிப் பழகிய தலைமுறை வடசென்னையில் இன்னும் இருக்கிறது. 1855-இல் தொடங்கப்பட்ட அந்தக் காட்சிச்சாலை மூர் மார்க்கெட்டுக்குப் பக்கத்திலேயே இருந்ததால், ராயபுரத்திலிருந்தும் வண்ணாரப்பேட்டையிலிருந்தும் பிள்ளைகள் நடந்தே போய் சிங்கத்தைப் பார்த்துவிட்டு வருவார்கள். 1985-இல் அது வண்டலூருக்கு மாறியது. நெருக்கடியான இடத்தில் அடைபட்டிருந்த விலங்குகள் ஏறத்தாழ 600 ஹெக்டேர் பரப்புக்குப் போனதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ வாழும் ஒரு குடும்பத்துக்கு வண்டலூர் போய்த் திரும்புவது ஒரு முழு நாளையும் ஒரு நாள் கூலியையும் விழுங்கும் பயணம்.

அந்த இடமாற்றத்தை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டால் அது பெரிய செய்தியாகத் தோன்றாது. சென்னையின் காட்டுயிர் வரைபடத்தை விரித்துப் பார்த்தால்தான் அதன் பொருள் விளங்கும். கிண்டி தேசியப் பூங்கா, பள்ளிக்கரணை சதுப்புநிலம், நன்மங்கலம் காப்புக்காடு, பெசன்ட் நகர் கடற்கரையில் மாணவர்கள் நடத்தும் ஆமை நடை ஆகிய எல்லாமே நகரின் தெற்கில் இருக்கின்றன. வடக்கே உயிர்வளம் குறைவு என்பதல்ல காரணம். எண்ணூர் கழிமுகம், கொசஸ்தலை ஆற்றங்கரையின் அலையாத்திகள், மணலியைச் சுற்றிய நீர்நிலைகள், அவற்றுக்கு அப்பால் இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு ஆகியவை இங்கேதான் உள்ளன. ஆனாலும் இப்பகுதியை அரசும் நகரமும் அறிந்திருப்பது அனல்மின் நிலையம், துறைமுகம், எண்ணெய் ஆலை, குப்பைக்கிடங்கு ஆகியவற்றின் வழியாகத்தான்.

மாநிலம் முழுவதற்குமான காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு மக்கள் ஆதரவைத் திரட்டுவது பற்றிப் பேச, இந்தப் பகுதியைவிடக் கடினமான இடமும் பொருத்தமான இடமும் தமிழகத்தில் இல்லை என்பது என் எண்ணம். அண்மை ஆண்டுகளில் தமிழக அரசு இத்துறையில் குறிப்பிடத்தக்க முடிவுகளை எடுத்திருக்கிறது. 2022-இல் மட்டும் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் கடற்பசுப் பாதுகாப்பகம், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயம், 25 கோடி ரூபாயில் நீலகிரி வரையாடு திட்டம் ஆகியவை அறிவிக்கப்பட்டன. இவை அறிவிப்போடு நின்றுவிடாமல் இருபது, முப்பது ஆண்டுகள் நீடிக்க வேண்டுமானால், அடுத்தடுத்த வரவு செலவுத் திட்டங்களிலும் அவற்றுக்குப் பணம் ஒதுக்கப்பட வேண்டும், சாலைக்கும் ஆலைக்கும் இடம் கேட்டு வரும் அழுத்தங்களுக்கு முன்னால் அவை தாக்குப்பிடிக்க வேண்டும். வரையாட்டையும் தேவாங்கையும் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள் 'அது இருக்கட்டும்' என்று ஒப்புக்கொண்டால்தான் இது நடக்கும். அப்படி ஒப்புக்கொள்ள வேண்டியவர்களில் பெரும்பாலோர் காட்டோரத்தில் வாழ்பவர்கள் அல்லர்; வடசென்னை போன்ற நெருக்கமான நகரப் பகுதிகளில் வாழ்பவர்கள்.

இந்த ஒப்புதலைப் பெற அரசும் தொண்டு நிறுவனங்களும் வழக்கமாகக் கையில் எடுப்பது 'விழிப்புணர்வு'. ஊர்வலம், சுவரொட்டி, பள்ளிகளில் ஓவியப் போட்டி. இவற்றால் கேடு ஒன்றுமில்லை. ஆனால் மக்களுக்கு விலங்கைப் பற்றித் தெரியவில்லை, தெரிந்துவிட்டால் ஆதரிப்பார்கள் என்ற நம்பிக்கை இதற்கு அடியில் இருக்கிறது. வடசென்னையைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை சரியல்ல. இங்கே அறிவுக்குப் பஞ்சமில்லை. பாதுகாப்பின் சுமையை யார் சுமப்பது, முடிவெடுக்கும்போது யாரைக் கேட்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் நேர்மையான விடை கிடைக்காததுதான் இங்குள்ள சிக்கல்.

சொல்லிலேயே ஒரு தடை இருக்கிறது. 'வனவிலங்கு' என்றதும் மனக்கண்ணில் வருவது வனமும் நான்கு கால் விலங்கும்தான். காசிமேட்டில் வலையில் ஏறும் ஆமையும், எண்ணூர் பாலத்தருகே கூட்டமாக மிதக்கும் கூழைக்கடாவும், சேற்றுக்குள் புதைந்திருக்கும் மட்டியும் அந்தச் சொல்லுக்குள் வருவதில்லை. தன் வாசலில் இருப்பது காட்டுயிர் என்று ஒருவருக்குத் தோன்றாத வரையில், அதைக் காக்கும் சட்டம் எங்கோ மலையில் உள்ளவர்களுக்காக எழுதப்பட்டது என்றே அவர் நினைப்பார்.

பங்குனி ஆமை எனப்படும் ஆலிவ் ரிட்லி ஆமையை எடுத்துக்கொள்வோம். ஆமை நடை 1970-களில் தொடங்கி, 1988 முதல் மாணவர்களின் வலையமைப்பாகத் தொடர்ந்து நடந்துவருகிறது. நள்ளிரவில் மணலில் நடந்து முட்டைகளைச் சேகரித்து, பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடும் அந்த உழைப்பால் சென்னையில் பல தலைமுறை இளைஞர்கள் கடலுயிர்கள் மேல் அன்பு கொண்டிருக்கிறார்கள். தமிழகத்தில் காட்டுயிருக்கு மக்கள் ஆதரவை வளர்த்த முயற்சிகளில் இதற்கு ஈடாக மிகச் சிலவே உண்டு.

இந்த நடை ஏன் வடக்கே நடப்பதில்லை? நடக்க மணல் இல்லை என்பதுதான் நேரடி விடை. 1870-களின் நடுவில் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழத் தொடங்கிய பிறகு, ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் கடல்மணல் துறைமுகத்தின் தென்புறத்தில் தேங்கியது. அப்படித் தேங்கியதுதான் இன்றைய அகன்ற மெரினா. அந்த மணல் வந்து சேராததால் துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையை அரித்தது. தெருக்களும் வீடுகளும் போயின. கடலைத் தடுக்கக் கருங்கற்களைக் கொட்டினார்கள், பிறகு கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகள் அமைத்தார்கள். கருங்கல் சுவரில் ஆமை ஏற முடியாது. தெற்கே ஆமை முட்டையிட மணல் கிடைத்ததும் வடக்கே கிடைக்காமல் போனதும் ஒரே கட்டுமானத்தின் இரண்டு விளைவுகள். பழவேற்காட்டுப் பக்கம் போனால்தான் மறுபடியும் ஆமை ஏறும் மணற்கரை வருகிறது.

இவ்வளவுக்கும், சென்னைக் கடலில் ஆமை பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் காசிமேட்டுப் படகுகளில்தான் முடிவாகிறது. 2025 ஜனவரியில் சென்னையையும் அதை ஒட்டிய கரைகளையும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து விசாரித்தது. அந்த நாட்களில் ஒருநாள் காலை, எண்ணூர் விரைவுச் சாலையோரக் கற்களுக்கிடையே ஒன்று சிக்கிக் கிடந்ததைப் பார்த்தேன். கழுத்து வீங்கியிருந்தது, கண்கள் பிதுங்கி வெளியே தள்ளியிருந்தன, ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லை. காயமில்லாத அந்த உடல்தான் சாவின் காரணத்தைச் சொல்கிறது. ஆமைக்குச் செவுள் இல்லை, நுரையீரல்தான். சும்மா இருக்கும்போது நெடுநேரம் மூச்சை அடக்கும் அது, விசைப்படகு இழுத்துச் செல்லும் பை போன்ற வலையான இழுவை மடிக்குள் மாட்டித் திமிறும்போது வெகு விரைவில் களைத்து மூழ்கிவிடும். மடியை மணிக்கணக்கில் இழுத்த பிறகே மேலே தூக்குகிறார்கள்.

இதைத் தடுக்க இரண்டு வழிகள் உண்டு. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கிலோமீட்டருக்குள், விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்ற விதியைக் கடைப்பிடிப்பது ஒன்று. இனப்பெருக்கக் காலத்தில் ஆமைகள் திரள்வது பெரும்பாலும் அந்தக் கரையோர நீரில்தான். வலையின் கழுத்தில் கம்பிச்சட்டம் ஒன்றைப் பொருத்துவது இன்னொன்று. இறாலும் சிறு மீனும் கம்பிகளுக்கிடையே நுழைந்து மடிக்குள் போய்விடும். ஆமை கம்பியில் முட்டி, பக்கத்துத் திறப்பு வழியாக வெளியேறிவிடும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இந்திய வலைகளுக்கு ஏற்றபடி இதை வடிவமைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. இந்திய இழுவைப் படகுகளில் இக்கருவி இல்லை என்பதைக் காரணம் காட்டி, இங்கே கடலில் பிடிக்கப்படும் இறாலை 2019-இல் அமெரிக்கா வாங்க மறுத்ததால், இது அன்பின் விஷயம் என்பதோடு வியாபாரத்தின் விஷயமும் ஆகிவிட்டது.

அப்படியிருந்தும் லாஞ்சுக்காரர்கள், அதாவது விசைப்படகுக்காரர்கள், ஏன் இதை விரும்பி ஏற்கவில்லை? திறப்பு வழியாக ஆமையோடு பெரிய மீனும் போய்விடும் என்ற அச்சம் பொய்யல்ல. இழப்பு சிறிதுதான் என்று ஆய்வாளர்கள் சொல்லலாம். ஆனால் டீசலுக்குக் கடன் வாங்கி, பிடித்த மீனில் பங்கு என்ற கணக்கில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் படகில் அந்தச் சிறிதும் பெரிதுதான். தான் பொருத்திப் பக்கத்துப் படகு பொருத்தாவிட்டால் இழப்பு தனக்கு மட்டுமே என்ற எண்ணம் அதற்கும் மேல் வருகிறது. வலையில் ஏறும் ஆமை சில நேரம் மயக்கத்தில்தான் இருக்கும். பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஈரமாக, நிழலில் வைத்திருந்தால் சில மணி நேரத்தில் தெளிந்துவிடக்கூடும். ஆனால் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புக்குரிய பட்டியலில், உள்ள உயிரைப் படகில் வைத்துக்கொண்டு கரைக்கு வருகிற துணிச்சல் யாருக்கு வரும்? உடனே கடலில் தள்ளிவிடத்தான் தோன்றும். தண்டிக்கும் முகத்தை மட்டுமே காட்டும் சட்டத்தால் காப்பாற்றத் தயாராக இருக்கும் கையும் பின்வாங்கிவிடும்.

கட்டுப்பாடு என்றாலே மீனவர்கள் எதிர்ப்பார்கள் என்று பேசுகிறவர்கள், காசிமேட்டிலேயே நடக்கும் ஒன்றைக் கவனிப்பதில்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரை முழுவதும் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. 2001-இல் 45 நாட்களாகத் தொடங்கிய இந்தத் தடையை அன்று யாரும் மகிழ்ச்சியோடு வரவேற்கவில்லை. இன்று, தடைக்காலம் வேண்டாம் என்று சொல்லும் விசைப்படகு உரிமையாளரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்த மாற்றத்துக்கு மூன்று காரணங்கள் தெரிகின்றன. தடை எல்லாப் படகுக்கும் ஒன்றுபோலப் பொருந்துகிறது. என் படகு கட்டிக்கிடக்கும்போது உன் படகு போகாது. இழப்பின் ஒரு பகுதியை அரசு ஏற்கிறது. நிவாரணத்தொகை போதாது என்ற முறையீடு இன்றும் இருந்தாலும், 2023-இல் அது குடும்பத்துக்கு 8,000 ரூபாயாக உயர்த்தப்படும் என்று அறிவிக்கப்பட்டது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஜூன் நடுவில் முதல் படகுகள் கரை திரும்பும்போது தடையின் பலனை மீனவர் தம் கண்ணாலேயே பார்க்கிறார். யாரும் பாடம் நடத்தாமல், அனுபவத்தால் வந்த ஆதரவு இது. ஆமைகள் கரைக்கு வரும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலம் இந்தத் தடைக்கு முன்னரே முடிந்துவிடுகிறது என்பதுதான் வருத்தம். ஆகவே ஆமைக்கென்று தனியாக ஓர் ஏற்பாடு தேவை. அந்த ஏற்பாட்டிலும் இந்த மூன்றும் இருந்தால் ஒழிய காசிமேடு அதை ஏற்காது, ஏற்கச் சொல்வதும் நியாயமில்லை.

சுமையைப் பற்றிய கேள்வி எண்ணூரில் இன்னும் கூர்மையாகிறது. கொசஸ்தலை ஆற்றில் இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் இன்றும் உண்டு. படகு வேண்டாம், வலை வேண்டாம், விரல்நுனியே கருவி. சேறு எங்கே மென்மை, எங்கே இறால் பதுங்கும், ஏற்றத்தில் எந்தப் பக்கம் போகும் என்று விரல்களுக்குத் தெரியும். அந்த விரல்கள்தாம் சில ஆண்டுகளுக்கு முன் ஆற்றடியில் ஒரு மாற்றத்தை முதலில் உணர்ந்தன. சேறு இருந்த இடமெல்லாம் கருநிறச் சிப்பி விரிப்புப் போலப் படர்ந்து காலையும் கையையும் கிழித்தது. இறால் புதையும் இடம் போனது. மஞ்சள் மட்டி கிடைக்கும் இடங்கள் சுருங்கின. மீனவர்கள் அதற்கு 'காக்கா ஆழி' என்று பெயரிட்டார்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்தச் சிப்பி, கப்பல்கள் தம் சமநிலைக்காக ஏற்றி இறக்கும் கடல்நீரோடு வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. அயல் இனப் படையெடுப்பு என்று அறிவியல் பேசுவதை இங்கே எழுத்தறியாத ஒரு மூதாட்டியின் பாதம் முன்கூட்டியே கண்டறிந்து சொன்னது. இத்தகையவர்களுக்கு விழிப்புணர்வு ஊட்டப் புறப்படுவதற்கு முன், இவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளும் வழக்கம் வர வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்தில் கலந்தது. முகத்துவாரப் பாலத்தின் மேலிருந்து பார்த்தபோது, வெளிர்சாம்பல் நிறக் கூழைக்கடாக்கள் பல மார்பிலிருந்து வால்வரை கருப்பாக உட்கார்ந்திருந்தன. இறகை அலகால் நீவுவதும் நிறுத்துவதும் மறுபடி நீவுவதுமாக இருந்தன. நீவ நீவ எண்ணெய் வயிற்றுக்குள்தான் போகும். கீழே படகுகளில் மீனவர்கள் பக்கெட்டாலும் கையாலும் எண்ணெயை மொண்டு பீப்பாயில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பறவைக்கும் மனிதருக்கும் அன்று ஒரே நிறம். காட்டுயிர்ப் பாதுகாப்பும் வாழ்வாதாரமும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று எழுதுகிறவர்கள் அந்தப் பாலத்தில் ஒரு மணி நேரம் நின்றிருக்க வேண்டும். அனல்மின் நிலையச் சாம்பல் குழாய்க் கசிவுகளால் ஆறு தூர்ந்ததையும் வெந்நீர் கலந்ததையும் ஆண்டுக்கணக்கில் பார்த்தவர்களிடம், ஆமையைக் கொல்லாதே என்று சட்டம் பேசப் போகும் அரசு அந்தச் சட்டத்தின் கடுமையை ஆலைகளிடமும் காட்டினால்தான் பேச்சுக்கு மதிப்பிருக்கும்.

இங்கிருந்து வடக்கே பழவேற்காட்டுக்குப் போனால் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்க, தமிழகப் பகுதி பறவைகள் சரணாலயமாக உள்ளது. குளிர்காலத்தில் ஆழமில்லாத நீரில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும் அதே ஏரியில், எந்தக் குடும்பம் எந்த இடத்தில் எந்த நாளில் வலை கட்டலாம் என்பதைப் 'பாடு' என்ற முறையில் மீனவ ஊர்கள் தாமே வகுத்துக்கொண்டு தலைமுறைகளாக மீன்பிடித்துவந்திருக்கின்றன. வளத்தைப் பங்கிட்டுக் காப்பதற்கான நிர்வாகம் இங்கே சரணாலயத்துக்கு முன்பே இருந்தது. சரணாலய எல்லைக்குள் குடியிருப்புகளும் பட்டா நிலங்களும் இருக்கின்றன. ஏரிக்கும் கடலுக்கும் இடையிலான முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்துபோகும்போது அதைத் திறந்துவைக்கும் பணிக்குக்கூட வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் தேவைப்பட்டது. அந்த நேரங்களில் மக்கள் கண்ணுக்குச் சரணாலயம் ஒரு தடையாகத்தான் தெரியும்.

ஆனால் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,111 ஏக்கருக்கு விரிவாக்கும் திட்டம் வந்தபோது, இதே ஊர்கள் ஏரியையும் அதன் பறவைகளையும் சொல்லித்தான் எதிர்த்தன. 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்ட பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் தள்ளிவைக்கப்பட்டன. சரணாலயத்தின் மேல் குறைபட்டவர்களே ஏரிக்காக ஒன்றுசேர்ந்ததில் முரண் எதுவும் இல்லை. ஏரி தங்களுடையது என்ற உணர்வு அவர்களிடம் எப்போதும் இருந்தது. சரணாலயமும் தங்களுடையது என்ற உணர்வைத்தான் யாரும் ஏற்படுத்தவில்லை.

அப்படி ஏற்படுத்திய இடங்கள் தமிழகத்தில் உண்டு. வேடந்தாங்கல் மக்கள், பறவைகளைச் சுட வந்தவர்களைப் பற்றி முறையிட்டு, 1798-இலேயே அன்றைய ஆட்சியரிடமிருந்து ஏரியின் பறவைகளுக்குப் பாதுகாப்பு பெற்றார்கள். எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். 2020-இல் அந்தச் சரணாலயத்தின் பரப்பைக் குறைக்கும் யோசனை எழுந்தபோது மாநிலம் முழுவதும் எதிர்ப்புக் கிளம்பியதற்கு இரண்டு நூற்றாண்டுப் பெருமை ஒரு காரணம். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் மிரளும் என்பதால் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பாம்புத்தோல் வணிகம் நின்று பிழைப்பை இழந்த இருளர்களுக்கு, 1978-இல் உருவான கூட்டுறவுச் சங்கம், பாம்பைப் பிடித்து நஞ்செடுத்துத் திரும்பக் காட்டிலேயே விடும் வேலையைத் தந்தது. பாம்புக்கடி மருந்துக்கு நாடே அதை நம்பியிருக்கிறது. அவர்களின் பழைய திறமை எதுவும் வீணாகவில்லை, வேலைதான் மாறியது.

வடசென்னையிலும் அப்படிப்பட்ட திறமைகள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் மொட்டைமாடிகளில் பந்தயப்புறா வளர்ப்பவர்கள் காற்றின் திசையையும், வல்லூறு எந்த மூலையிலிருந்து பாயும் என்பதையும், பறந்து களைத்த பறவையின் நடையையும் அறிந்தவர்கள். நகரப் பறவைக் கணக்கெடுப்பு நாள் வரும்போது அவர்களை யாராவது அழைத்திருக்கிறார்களா என்று தேடிப்பார்த்தேன், அழைத்ததாகத் தெரியவில்லை. கத்திவாக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு வண்டலூர் கூட்டிப்போவது இருக்கட்டும். நடந்துபோகும் தொலைவில் உள்ள கழிமுகத்தில் ஒரு தொலைநோக்கியோடு நிறுத்தினால், புத்தகத்தில் அவர்கள் கண்டிராத கூழைக்கடா அங்கே எதிரிலேயே இருக்கும்.

மொழியையும் சொல்லியாக வேண்டும். 2020-இல் ஒன்றிய அரசின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளுக்கான வரைவு அறிவிக்கை முதலில் தமிழில் வரவில்லை; அட்டவணை மொழிகளில் எல்லாம் வெளியிடும்படி டெல்லி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. ஆர்வலர்கள் அதைத் தமிழில் சுருக்கிப் பரப்பிய பிறகுதான் இங்கே தெருத்தெருவாகப் பேச்சானது. ஒரு துறைமுகத்தின் மதிப்பீட்டு அறிக்கை ஆயிரம் பக்க ஆங்கிலத்திலும், தமிழ்ச் சுருக்கம் சில பக்கங்களிலும் இருக்கும்வரை, கருத்துக்கேட்பு என்ற சொல்லுக்கு அரைப்பொருள்தான் உண்டு. மாநில வனவிலங்கு வாரியத்திலும் சதுப்புநில ஆணையத்திலும் கரையோர ஊர்களின் பிரதிநிதிகளுக்கு இடம் கொடுப்பதும் இதோடு சேர்ந்த காரியம்.

ஆமையைப் பற்றிக் காசிமேட்டில் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி, எங்கள் கரையில் மணலே இல்லையே, அது எங்கே முட்டையிடும் என்பதுதான். அதற்குப் பதில் சொல்லாமல் கம்பிச்சட்டத்தைப் பற்றிப் பேச முடியாது. துறைமுகம் தின்ற கரைக்கு என்ன ஈடு, இனி வரும் கட்டுமானம் பழவேற்காட்டு மணலையும் தின்னாமல் இருக்க என்ன உறுதி என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். அதற்கு ஏற்ற காலம் ஒன்று ஆண்டுதோறும் வருகிறது. தடைக்கால 61 நாட்களில் லாஞ்சுகள் எல்லாம் கட்டிக்கிடக்கும். ஓட்டுநரும் உரிமையாளரும் கரையில் இருப்பார்கள். துறைமுகத் தளம் முழுக்க வலைகளை விரித்துப் போட்டு, நிழலில் உட்கார்ந்து ஊசியும் நூலுமாகக் கிழிசல்களைத் தைத்துக்கொண்டிருப்பார்கள். வலையின் கழுத்தைப் பிரித்து ஒரு சட்டத்தைப் பொருத்திப் பார்ப்பது அப்போது அரைநாள் வேலை. நான்கைந்து படகுகளுக்கு அரசு செலவில் பொருத்தி, முதல் பருவத்தில் குறையும் மீனுக்கு முன்கூட்டியே ஈடு பேசி, ஒவ்வொரு நாளும் உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் அந்தப் படகுக்காரர்களையே எழுதவைத்து, அடுத்த தடைக்காலத்தில் அதே தளத்தில் அதே ஆட்கள் முன்னால் அந்தக் கணக்கைப் படித்துக்காட்டலாம்.